பச்சை மூடி ஜாடி

எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் உம்மு மித்ரியை இந்தத் தெருவே புனிதவதி என்கிறது. அவள் மகன் மித்ரி கப்பலோடு போய் மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து அவள் கறி, மீன் தொட்டதில்லை. பால், முட்டை, வெண்ணெய் எதுவும் அந்த வீட்டுக்குள் நுழைவதில்லை. கொண்டைக்கடலை, பருப்பு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். பெற்ற வயிறு என்றால் இதுவல்லவா வயிறு என்று அவர்கள் தேவாலயத்துப் பெண்களும் பேசிக்கொள்கிறார்கள், எங்கள் பள்ளிவாசல் பக்கத்துப் பெண்களும் பேசிக்கொள்கிறார்கள்.

போன மாதம் கீழ்வீட்டு நுஹாத் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள். தங்கைக்கு வரன் தகையவில்லையாம். நேர்ச்சையில் இருக்கும் உங்கள் வாயால் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள். உம்மு மித்ரி மெழுகுவர்த்தியைத் திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டாள். பிறகு நேரே இறங்கி என் சமையலறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"இனிமே என்னால முடியாது ஹஸ்னா. வந்து என் கையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறாங்க. நடந்தத நீயே சொல்லிடு. நான் சொன்னா, பாரு எவ்ளோ அடக்கம்னு அதுக்கும் ஒரு புண்ணியம் சேத்துடுவாங்க."

அதனால் நான் சொல்கிறேன். எனக்கு அடக்கம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை என்பது இந்தத் துறைமுக ஊர் அல்மீனா முழுக்கத் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவளை எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். அவள் நோன்புக்காரியே இல்லை. வயிற்றுக்கு வஞ்சனை செய்யாதவள். கடலை வெந்துவிட்டதா என்று பார்க்க மற்றவர்கள் ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார்ப்போம். அவள் பத்தை எடுப்பாள். ஒன்று வெந்திருக்கும், பக்கத்தில் இருப்பது வெந்திருக்காது, பத்தைப் பார்த்தால்தான் பதம் தெரியும் என்பாள். பத்தும் அவள் வாய்க்குள் போய்விடும். பானைக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒரு வேளைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பிறகு எல்லோரோடும் உட்கார்ந்து இன்னொரு வேளை சாப்பிடுவாள்.

சமையலில் அவளோடு பேச முடியாது. ஹும்முஸ் விழுது அரைக்க, ஊறின கடலையைத் துணியில் கொட்டித் தேய்த்து, தோலை ஒன்றுவிடாமல் எடுப்பாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. "உன் வீட்டு ஹும்முஸ் சாப்பிட்டா ஒரு நாள் பூரா பல்லு குத்தணும். உன் வீட்டுக்காரரு ஏன் பேசறதே இல்லன்னு இப்ப புரியுது" என்பாள். எள் விழுதை நான் அள்ளி ஊற்றுவதைப் பார்த்தால், கடலையைப் புதைத்துவிட்டாயா என்று கேட்பாள். நானும் விடமாட்டேன்.

அவர்களுடைய தவக்காலம் வந்தால் ஐம்பது நாள் போல இறைச்சியோ பாலோ கிடையாது. அவள் முதல் வாரம் ஒழுங்காக இருப்பாள். இரண்டாவது வாரம் பத்து மணிக்கு என் கதவைத் தட்டுவாள். ரொட்டித் துண்டின் மேல் சூடான கடலையைப் போட்டு, பூண்டுத் தயிரை மேலே ஊற்றி, நெய்யில் பொரித்த முந்திரிப் பருப்பைத் தூவி நான் செய்யும் ஃபத்தேயின் வாசனை படிக்கட்டில் ஏறியிருக்கும். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு உட்கார்ந்து தின்பாள்.

"நோன்புன்னு சொன்னியே" என்று கேட்டால், "உன் வீட்ல சாப்பிட்டா கணக்குல வராதுடி. இது வேற மதம்" என்பாள்.

இப்படிப்பட்டவளைத்தான் புனிதவதி என்கிறார்கள்.

அவள் சொந்தப் பெயர் வர்தே; உம்மு மித்ரி என்றால் மித்ரியின் அம்மா. புருஷன் ஜிர்ஜி படகு பழுது பார்த்தவர், நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்தார். அப்போது மித்ரிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடச் சீருடை தைத்து அவனை வளர்த்தாள். அவனும் அம்மா மாதிரிதான், உயரமும் அகலமும் பசியும். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை கிடைத்துப் போனவன், ஒவ்வொரு தடவை வரும்போதும் முதலில் என் வீட்டு வாசலில் நின்று, "ஹஸ்னா அத்தே, எங்கம்மா சமைக்கறதுக்குள்ள எதாவது குடு" என்பான். அவன் உட்கார்ந்து உட்கார்ந்து என் முக்காலியின் ஒரு கால் வளைந்துவிட்டது. அதை நான் இன்னும் சரி செய்யவில்லை.

எங்கள் படிக்கட்டில் ஒரு வழக்கம் உண்டு. மேலிருந்து கீழே வரும் பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. கீழிருந்து போவதும் அப்படித்தான். அதில் ஒன்றுமில்லாவிட்டாலும் இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு பிடி புதினா, நாலு மிட்டாய் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அவள் தட்டும் என் தட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததில் எது யாருடையது என்பதே மறந்துபோய்விட்டது.

மித்ரி காணாமல் போன அந்த வருடம் சமையல் சிலிண்டர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. மின்சாரம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வந்தால் அதிர்ஷ்டம். ஃப்ரிட்ஜை நான் துணி அடுக்கும் அலமாரியாக்கிவிட்டேன். உதவிப் பெட்டிகளில் வந்த கொண்டைக்கடலை எந்தக் காலத்துக் கடலையோ, சோடா உப்பு போட்டு ஒரு நாள் முழுக்க ஊற வைத்தாலும் நாலு மணி நேரம் அடுப்பில் கிடந்து முறைத்துக்கொண்டிருக்கும். இரண்டு வீட்டில் இரண்டு அடுப்பு எரிப்பது பைத்தியக்காரத்தனம் என்று நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். வாரத்துக்கு ஒரு தடவை ஒரே பெரிய பானையில் இரண்டு வீட்டுக்கும் கடலை வேகும். ஒரு வாரம் என் சிலிண்டர், மறு வாரம் அவளுடையது. வெந்த கடலையைப் பங்கு போட்டுக்கொள்வோம். கடலை வெந்த தண்ணீரையும்தான். அந்தத் தண்ணீர் கெட்டியாக, மஞ்சளாக, ஆறினால் கூழ் மாதிரி உறைந்து நிற்கும். தவக்காலத்தில் கறிச்சாறு ஊற்ற வேண்டிய எல்லாவற்றுக்கும் அதைத்தான் ஊற்றுவார்கள்.

தவக்காலத்துக்கு ஒரு வாரம் முன்னால் மித்ரி ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து பேசினான். ஐந்து நாளில் அடுத்த ஊர் போய்க் கூப்பிடுகிறேன் என்றான். ஐந்து நாள் போய், பத்து நாளும் போயிற்று. கப்பல்காரர்களின் அலுவலகத்தில் ஒரு பெண் ஒவ்வொரு நாளும் ஒரே குரலில் தொடர்பு கிடைக்கவில்லை என்றாள். பதினோராம் நாள் உம்மு மித்ரி செருப்பில்லாமல் தேவாலயத்துக்கு நடந்து போய், கடலோடிகளுக்குக் காவலான புனிதரின் படத்துக்கு முன்னால் நேர்ச்சை செய்துவிட்டு வந்தாள். மகனின் குரல் காதில் விழும்வரை உயிருள்ளதிலிருந்து வந்த எதுவும் வாயில் படாது. தவக்காலம் முடிந்தாலும் படாது.

என்னிடம் வந்து சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். நீயா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் விளையாட்டில்லை என்று எனக்குப் புரிந்தது.

அவள் சொன்னபடியே இருந்தாள். என் கதவைத் தட்டுவது நின்றுபோனது. படிக்கட்டில் இறங்கும்போது என் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போவாள். இரண்டு வாரத்தில் கன்னம் ஒட்டி, மோதிரம் விரலில் சுற்ற ஆரம்பித்தது. அவளுக்காக நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். அந்தக் கடலைப் பானைக்குள் கறி பட்ட கரண்டிகூடப் போகாமல் பார்த்துக்கொண்டேன். புதிதாக ஒரு மரக்கரண்டி வாங்கி அதற்கென்றே ஒதுக்கி வைத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் அலட்சியக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அலட்சியமாக இருந்து நடந்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

அவள் நேர்ச்சையின் இருபத்தைந்தாம் நாள் என் முறை வந்தது. என் வீட்டுக்காரர் ரஷாத் இதய ஆபரேஷன் முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். எலும்புச் சாறு கொடு, ஆனால் ஒரு சொட்டுக் கொழுப்பு இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் அண்ணன் இரண்டு ஆட்டுக் கால் எலும்பு கொண்டுவந்து கொடுத்தான். அதற்குத் தனியாக அடுப்பு எரிக்க சிலிண்டரில் உயிர் இல்லை. கடலை வெந்ததும் அவள் பங்கை முதலில் எடுத்தேன். கடலையை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி, தண்ணீரை ஒரு ஆலிவ் ஜாடியில் ஊற்றினேன். அதன் பிறகுதான் மீதியில் எலும்பைப் போட்டு இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு, வடிகட்டி இன்னொரு ஜாடியில் ஊற்றினேன். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஜாடிகள், இரண்டுக்கும் பச்சை மூடி. பால்கனித் திண்டில் குளிரில் வைத்தேன். விடிந்ததும் ரஷாத்தின் ஜாடியில் மேலே வெள்ளையாகக் கட்டியிருந்த கொழுப்பைக் கரண்டியால் வழித்து எறிந்தேன். வழித்த பிறகு இரண்டு ஜாடியிலும் ஒரே மஞ்சள் கூழ்.

அவள் ஜாடிக்குச் சிவப்பு நூல் கட்ட வேண்டும் என்று நினைத்தேன். நூலையும் எடுத்து வைத்தேன். அதற்குள் ரஷாத் மாத்திரை எங்கே என்று கத்தினார். மாத்திரையைத் தேடப் போனவள் நூலை மறந்தேன்.

சாயங்காலம் அவளே இறங்கி வந்தாள். அன்று மொக்ராபியே செய்யப் போவதாகச் சொன்னாள். கடலையளவு மாவு உருண்டைகளை, கடலையும் முழுச் சின்ன வெங்காயமும் போட்டு, பட்டையும் சீமைச் சோம்பும் மணக்க வேக வைப்பது. அதற்குச் சாறுதான் உயிர். மற்ற நாளில் கறிச்சாறு, நோன்பில் கடலைத் தண்ணீர். அது மித்ரிக்குப் பிடித்தது என்று அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. நான் கிண்ணத்தையும் பால்கனியிலிருந்து ஒரு ஜாடியையும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

மறுநாள் காலை ரஷாத்துக்கு மற்ற ஜாடியைச் சுட வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார்.

"எலும்புச் சாறுன்னு கடலைத் தண்ணியக் குடுக்கற. அந்த எலும்ப பூனைக்குப் போட்டுட்டியா?"

நான் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். அதில் கடலையைத் தவிர வேறு ருசி இல்லை. அப்படியென்றால் எலும்பு போட்ட ஜாடி மேலே போயிருக்கிறது.

எப்படி மாடி ஏறினேன் என்று தெரியாது. அவள் கதவு திறந்திருந்தது. மொக்ராபியே செய்த பானை கழுவித் தொட்டியின் மேல் கவிழ்த்து வைத்திருந்தது. அவள் ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், நன்றாக இருந்தது என்றாள். உண்மை வாய் வரை வந்தது. மடக்கி விழுங்கிவிட்டு இறங்கி வந்தேன்.

ரஷாத் சொன்னார், தெரியாமல் சாப்பிட்டால் பாவமில்லை, நம் மதத்திலும் அப்படித்தான், அவர்கள் மதத்திலும் அப்படித்தான் இருக்கும். நீ சொன்னால்தான் அது பாவமாகும், வாயை மூடு. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் சொன்னதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அன்று மத்தியானம் கப்பல்காரர்களின் அலுவலகத்திலிருந்து பேசினார்கள். எப்போதும் பேசும் பெண் இல்லை, ஒரு ஆண். புயலில் சரக்கு சரிந்து கப்பல் சாய்ந்துவிட்டது, பதினோரு பேரை மீட்டுவிட்டார்கள், மூன்று பேர் கிடைக்கவில்லை என்றார். அந்த மூன்றில் மித்ரி ஒருவன். எப்போது நடந்தது என்று அவள் கேட்டிருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம்தான் உறுதியான தகவல் வந்தது என்றிருக்கிறார் அவர்.

நேற்றுச் சாயங்காலம். அவள் அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு கூடத்தில் நடந்தாள். கப்பல் கவிழ்ந்தது அதற்கும் பல நாள் முன்னால் என்று பிறகு தெரிந்தது. அதை யாரும் அவள் மனதில் ஏற்ற முடியவில்லை. எனக்கும் ஏறவில்லை, உண்மையைச் சொன்னால். என் கை ஜாடியை நீட்டியதும் அங்கே கடல் அவனை எடுத்துக்கொண்டது என்றுதான் எனக்கு இருந்தது. அது முட்டாள்தனம் என்று தெரியும். தெரிந்தும் அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் நாள் என் வாசலில் அந்தப் பச்சை மூடி ஜாடி இருந்தது. கழுவித் துடைத்து, வெறுமையாக. அத்தனை வருடத்தில் முதல் தடவை. உள்ளே ஒரு எலுமிச்சம்பழம்கூட இல்லை. கண்டுபிடித்துவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு என்னை நானே திட்டிக்கொண்டேன். மகனைக் கடலுக்குக் கொடுத்தவள் எலுமிச்சம்பழத்தைத் தேடிக்கொண்டிருப்பாளா?

உடல் கிடைக்கவில்லை என்பதால் அடக்கமும் இல்லை, கசப்புக் காப்பி கொடுத்துத் துக்கம் விசாரிக்கும் மூன்று நாளும் இல்லை. அவள் நோன்பை நிறுத்தவில்லை. குரல் கேட்கும்வரை என்றுதானே சொன்னேன் என்றாள். ஆனால் வேறு ஒன்று தொடங்கியது. எங்கே தப்பினேன் என்று எல்லோரிடமும் கேட்க ஆரம்பித்தாள். பாதிரியார் வந்தபோது நானும் இருந்தேன். நேர்ச்சையின் மூன்றாம் நாள் சுவாமி, தைத்துக் கொடுத்த வீட்டில் நீட்டிய பாலாடைக்கட்டியைத் தொட்ட விரலை நாக்கில் வைத்திருப்பேனோ? ஒன்பதாம் நாள் கனவில் கோழி தின்றேனே, அதுவா? அவர் நல்ல மனிதர். கடவுள் தட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர் இல்லை மகளே என்று அவள் தலையைத் தொட்டார். அவள் அடுத்த நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு நாளாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் இருபத்தைந்தாம் நாளோடு நிறுத்திக்கொண்டாள்.

நான் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். இது உன் தப்பு இல்லை, என் தப்பு என்று ஒரே வரி. அந்த ஒரு வரி அவளுக்கு நிம்மதி தருமா, அல்லது நேர்ச்சை உண்மையிலேயே உடைந்தது என்று உறுதியாக்கிவிடுமா? எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. அவளை இழக்க எனக்குப் பயம். கூடப் பிறந்த அக்காளிடம்கூட நான் இவளிடம் சண்டை போட்டதுபோல உரிமையாகச் சண்டை போட்டதில்லை.

எங்கள் ரமலான் பிறந்தது. நானும் நோன்பு, அவளும் நோன்பு. சாயங்காலம் நோன்பு திறக்க உட்காருவேன், மேலே அவள் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும், ஒரு பேரீச்சம்பழத்தோடு எழுந்துவிடுவேன். எலும்புச் சாற்றை வாசலுக்குள் விடமாட்டேன் என்று ரஷாத்திடம் சொல்லிவிட்டேன். பருப்புக் கஞ்சியே போதும் என்றார். பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அவர்களுடைய பெரிய வெள்ளி எங்கள் ரமலானுக்குள்தான் வந்தது. தேவாலய மணி விட்டுவிட்டு ஒற்றை ஒற்றையாக அடித்தது. பெண்கள் எல்லோரும் ஊர்வலமாகத் தூக்கிப் போகும் ஏசுவின் பாடைக்குப் பூக்கட்டப் போயிருந்தார்கள். வருடா வருடம் அவள்தான் முதல் ஆளாகப் போவாள். அன்று போகவில்லை என்று நுஹாத் சொன்னாள். நான் சால்வையைப் போட்டுக்கொண்டு மேலே போனேன்.

அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஊறின கடலையைத் துணியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து துணியின் மறு முனையைப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைக்குத் தோல் எடுத்தேன். அவள் பார்த்தாள், கேலி செய்யவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தேய்த்தோம். பிறகு சொன்னேன்.

"அன்னிக்கு நான் குடுத்தது உன் ஜாடி இல்ல, உம்மு மித்ரி. ரஷாத்தோடது. எலும்பு போட்டது. மறுநாள் காலையிலயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. தோலைத் தனியாக ஒதுக்கினாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்போலேருந்து?"

"முதல் கரண்டியிலேருந்து. நாப்பது வருஷமா கடலை வேக வெக்கறவளுக்கு எலும்பு போட்ட சாறு தெரியாதாடி?"

எனக்கு உடனே ஒரு எண்ணம் ஓடியது. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்தால் போதும் என்று இருந்தவள் நான். என் மனது நோகக் கூடாதே என்றுதான் பேசாமல் சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவள் ஆமாம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு எழுந்திருப்போம்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அப்படியெல்லாம் இல்ல. வாயில வெச்சதும் கரண்டியக் கீழ போட்டேன். உன்னத் திட்டணும்னுதான் எழுந்தேன். பானையோட கொண்டாந்து உன் வாசல்ல கவுத்துடணும்னு எழுந்தேன். எழுந்தவ அடுப்புகிட்ட போயி, தட்டு நெறையப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்துட்டேன். அதுக்கப்புறம் இன்னொரு தட்டு."

நான் துணியின் முனையை விட்டுவிட்டேன்.

"பசிச்சுதுடி. இருபத்தாறு நாளா பசிச்சுது. வெங்காயம் அப்படியே கரையுது, கடலை வெண்ண மாதிரி வெந்துருக்கு. நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் எம்புள்ள நெனப்பே வரல ஹஸ்னா. ஒரு தடவகூட வரல. பானையக் கழுவறப்பதான் வந்துது."

தப்பு செய்தது என் கைதானே, நீ எப்படிப் பொறுப்பு என்று நான் என்னென்னவோ சொன்னேன். ரஷாத் சொன்ன மதச் சட்டம்கூடப் பாதி சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கை உன்னுது. வாய் என்னுது" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஜாடியை ஏன் வெறுமையாக வைத்தேன் என்று நீ கேட்கவே இல்லையே என்று பிறகு அவளே ஆரம்பித்தாள். ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டாளாம், எடுத்துவிட்டாளாம். புதினாவைப் போட்டாளாம், எடுத்துவிட்டாளாம். எதைப் போட்டாலும் நல்லா இருந்தது என்று நன்றி சொன்னதுபோல ஆகிவிடும். சாப்பாடும் நன்றி சொல்கிற அளவுக்கு ருசியாகத்தான் இருந்தது, அதனால்தான் முடியவில்லை என்றாள்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது. அவள் எழுந்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவள் சமையலறையில், அவள் கையால், அன்றைக்கு நோன்பு திறந்தேன். அவள் கடலையை அடுப்பில் ஏற்றினாள். வெந்ததா என்று பார்க்க ஒன்றே ஒன்றை எடுத்து விரலில் நசுக்கிவிட்டு, அதையும் குப்பையில் போட்டாள்.

மூன்று வருடமாக அப்படித்தான். அவள் கடலையில் இப்போது உப்பு இல்லை, எலுமிச்சை இல்லை, எள் விழுது இல்லை, பூண்டும் இல்லை. தோலைக்கூட எடுப்பதில்லை. நான் எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன், சாப்பாட்டை இப்படி அவமானப்படுத்தாதே என்று. மித்ரியின் குரலுக்காக அவள் காத்திருக்கவில்லை. அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பெரிய வெள்ளிக்கு மறு வருடமே அவன் பெயரைச் சொல்லித் தேவாலயத்தில் இறந்தவர்களுக்கான பூசை செய்துவிட்டாள். நேர்ச்சை அன்றைய சாயங்காலமே, அந்த இரண்டு தட்டோடு முடிந்துபோயிற்று.

ஆகவே நுஹாத், நீயும் மற்றவர்களும் தெரிந்துகொள்ளுங்கள், மெழுகுவர்த்தியை வேறு வாசலுக்கு எடுத்துப் போங்கள். அவள் இருப்பது நோன்பு இல்லை. நாக்குக்கு ருசி தட்டினால் மறுபடி மகனை மறந்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம்.